அக்காவின் மதகுகளும் ஆறு வாக்குகளும்

எங்கள் அக்கா வையம்பட்டியில் நிலக்கடலை விவசாயம் செய்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். கணக்கு நோட்டில் மாடு வரைந்து அப்பாவிடம் அடி வாங்கினார். கணக்கு எனக்கு வந்ததால் குடும்பத்துக்கு நஷ்டமில்லை. திருமணமாகிக் கைலாசபுரம் வந்தார். அத்தான் காலமானபோது பிள்ளைகள் இருவரும் பள்ளியில் இருந்தார்கள். தையல் வேலை செய்தே அவர்களை ஆளாக்கினார். இளையவனுக்கு வேலை கிடைத்த மறுவாரம் தையல் மெஷினை மூடிவிட்டு வண்ணங்கள் வாங்கினார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஏழு பேராக ஓவியர் குழு தொடங்கப் போவதாகச் சொன்னார். பதிவுத்துறையிலேயே தலை நரைத்த நான் சும்மா இருப்பேனா?

"சங்கம்னா விதிமுறை வேணும்க்கா."

"நீயே எழுதிக் கொடுடா. ஆனா யாரோட படம்ங்கிறதுக்காக எதுவும் செவத்துல ஏறக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன். ஆண்டுக் கண்காட்சிக்கு வரும் படத்தில் கையெழுத்தின்மேல் காகிதம் ஒட்ட வேண்டும். மற்ற ஆறு பேரும் டப்பாவில் புளியங்கொட்டை போட்டால் சம்மதம், கூழாங்கல் போட்டால் மறுப்பு. சமமானாலும் மறுப்பு. வரைந்தவருக்கு வாக்கு இல்லை. அந்த நேரம் வெளியே போய்விட வேண்டும். ஆக, யார் படம் என்பது பரம ரகசியம். யார் டீ குடிக்கப் போனார் என்பதை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதும்போது இந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தும் மாற்றவில்லை.

அக்கா ஆண்டுதோறும் முக்கொம்பு மதகுகளையே வரைந்தார். ஆண்டுதோறும் டீ குடித்துவிட்டு வந்து கூழாங்கற்களைப் பார்த்தார். ஒரு படமாவது அந்தச் சுவரில் ஏற வேண்டும் என்ற ஆசையில், வாக்கெடுப்பு வாரத்தில் அவருக்குச் சோறு இறங்காது.

"மதகு ஜோரா இருக்குக்கா. தண்ணி எங்கே?" என்பார், எழுவரில் ஒருவரும் படங்களுக்குச் சட்டம் போடுபவருமான பஷீர் பாய்.

"மேட்டூர்ல கேளுங்க பாய். அவங்க விட்டாத்தானே நான் வரைய முடியும்!"

கடைசியாக வரைந்த படத்தில் தண்ணீர் பொங்கி வந்தது. அதற்குள் அக்கா மருத்துவமனையில் படுத்துவிட்டார். இந்த முறை வாக்கெடுப்பு வேண்டாம், அப்படியே மாட்டிவிடலாம் என்று குழுவினர் சொல்லி அனுப்பினார்கள்.

"மாட்டினா எந்திரிச்சு வந்து கழட்டிருவேன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

மறுநாள் பாய் போனில் அழைத்தார். "மூணுக்கு மூணுக்கா. கல்லு போட்டதுல நானும் ஒருத்தன். தண்ணி கொஞ்சம் ஓவராயிடுச்சு."

அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தார். சமமானால் மறுப்பு என்று எழுதிய பாவி நான் அல்லவா?

"ஒரு திருத்தம் கொண்டு வரலாம்க்கா. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து..."

"போடா. நான் படுத்துக் கிடக்கேன்னு தெரிஞ்சும் கல்லு போட்டிருக்காங்க பாரு. இனிமே நான் இல்லாட்டியும் அது ஓடும்."

அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டார். அடுத்த வாரம் எங்களைப் பிரிந்தார். குழு ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த கைலாசபுரத்து அண்டைவீட்டாருக்கும், வையம்பட்டி உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. புளியங்கொட்டை போட்ட மூவருக்கும் நன்றி. கூழாங்கல் போட்ட மூவருக்குச் சற்றுக் கூடுதலாக.

அக்காவின் இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். வாக்கெடுப்பு நடத்தவில்லை. அட்டைக்கு நான் விதிமுறை எதுவும் எழுதியிருக்கவில்லை.

— தம்பி