சாமந்திப்பூ வைத்த தோட்டாக்கள்

எழுபதுகளின் கடைசியில் பூனாவில் நான் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தேன் என்றால் இன்று பலரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை, வீடு வானவடியில். கல்லூரி என்.சி.சி.யில் சுடப் பழகி, கேம்ப் பகுதியைத் தாண்டி இருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற மேஜர், வேலூர்க்காரர். தமிழ் பேசுகிற மனிதர், பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார் என்று அப்பாவுக்கு நிம்மதி.

பயிற்சிக்கு உள்நாட்டுத் தோட்டா, போட்டிக்கு வெளிநாட்டுத் தோட்டா. அது கிடைப்பதே குதிரைக்கொம்பு. கண்டே நவமியன்று, நம் ஆயுத பூஜையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், துப்பாக்கிகளோடு அந்தப் பெட்டிகளுக்கும் குங்குமமும் சாமந்திப்பூவும் வைத்து மேஜர் அலமாரியில் பூட்டிவிடுவார். போட்டியன்று காலையில்தான் பிரிக்கலாம். முன்னால் பிரித்தால் அபசகுனமாம்.

எனக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய, பிடிவாதக்காரத் துப்பாக்கி. ஒரு வகைத் தோட்டாவை ஏற்றுக்கொள்ளும், இன்னொன்றைச் சிதறடிக்கும். எது எப்படி என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். மாநில அணித் தேர்வு நெருங்கியது. அதில் இடம் பிடிப்பது ஒன்றுதான் அப்போது என் உலகம். அவரிடம் போனேன்.

"சார், வெளிநாட்டுத் தோட்டால அஞ்சே அஞ்சு குடுங்க. என் துப்பாக்கில எப்படிப் போகுதுன்னு பாத்துக்கறேன்."

தோட்டாக் கம்பெனியின் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். வேகம் எவ்வளவு, ஐம்பது மீட்டரில் குண்டு எவ்வளவு தாழும், எவ்வளவு நெருக்கமாக விழும் என்று எல்லாம் கட்டம் கட்டி அச்சடித்திருந்தது.

"இதைவிட உனக்கு என்னம்மா தெரியும்? அவன் டெஸ்ட் பண்ணித்தானே போட்டிருக்கான்!"

"அது அவங்க துப்பாக்கில, சார்."

"பஸ், பஸ், போதும். போய் பிராக்டிஸ் பண்ணு."

அவர்கள் சுட்ட குழல் வேறு, என் கையிலிருந்த குழல் வேறு. செருப்பு எனக்குக் கடிக்குமா என்று கடைக்காரர் காலில் போட்டுப் பார்த்தா சொல்வார்கள்? இவ்வளவுதான் விஷயம். இது புரியாத மனிதருக்கு மார்பு நிறைய மெடல் வேறு.

தேர்வில் வெளிநாட்டுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டேன், குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தன. மூச்சை அடக்கிப் பார்த்தேன், விசையை இன்னும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இடம் போயிற்று. எல்லோர் முன்னாலும் அவர் என் தோளைத் தட்டி, "பாவம், டென்ஷன் ஆயிட்டா. பொண்ணுங்களுக்குக் கை நடுங்கும்" என்றார். கை நடுங்கியது உண்மைதான். அவரை ஓர் அறை விடாமல் அடக்கிக்கொண்டதில் நடுங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மிஞ்சிய வெளிநாட்டுத் தோட்டாக்களோடு போய் நின்றேன். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்தி, "நீங்களே சுடுங்க சார்" என்றேன். நல்ல குறிகாரர்தான் அவர். அவருக்கும் சிதறியது. துப்பாக்கியைத் திட்டினார். அதே துப்பாக்கியில் உள்நாட்டுத் தோட்டாவைப் போட்டு, அதே மூட்டைமேல் வைத்து நான் சுட்டேன். இலக்கு அட்டையில் ஐந்தும் ஒரு கோட்டுப் பொத்தானுக்குள் அடங்கின.

அட்டையை வாங்கித் துளைகளை விரலால் தடவினார். "அச்சா" என்றார். "ஆனா டீம் லிஸ்ட் பம்பாய்க்குப் போயிடுச்சேம்மா."

மன்னிப்பு என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை.

ஆனால் மறுவருடம் மேஜர் கிளப் விதியை மாற்றினார். இனி போட்டியிலும் எல்லோருக்கும் உள்நாட்டுத் தோட்டாதானாம். லோஹேகாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண், தன் துப்பாக்கியில் இரண்டையும் சுட்டுப் பார்க்கக் கொஞ்சம் தோட்டா கேட்டாள். அவர் சுவரைக் காட்டினார். அங்கே என் அட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள், மேலே சாமந்திப்பூவோடு தொங்கியது.

"அதான் நாமளே டெஸ்ட் பண்ணி மாட்டியிருக்கோமே. இன்னும் என்ன வேணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சட்டத்தைக் கழற்றினேன்.

"இது என் துப்பாக்கியோட அட்டை சார். அவளுக்கு அலமாரியைத் திறந்து விடுங்க."

அவர் அசையவில்லை. அட்டையை உருவி அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். நான் சுட்டதிலேயே சிறந்த அட்டை அதுதான்.