மல்லிகையும் காப்பிப் பூவும்

இன்று கன்னிவாடிச் சந்தையில் மல்லிகையை முகர்ந்ததும் ஆடலூர்ப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அம்மா காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்ததால் பள்ளியில் மற்ற பிள்ளைகள் என்னைத் 'தோட்டத்துப் புள்ள' என்று கேலி செய்வார்கள்.

ஒருநாள் டீச்சர் எங்கள் கண்களைக் கட்டி, மல்லிகையையும் காப்பிப் பூவையும் மாற்றி மாற்றி நீட்டினார். எல்லோரும் இரண்டையுமே மல்லிகை என்றார்கள்.

"ரெண்டாவது காப்பிப் பூங்க டீச்சர். மல்லி கணக்காத்தான் மணக்கும், ஆனா லேசா தேன் வாசம் அடிக்கும்" என்றேன்.

மூன்று முறை மாற்றியும் நான் தவறவில்லை. வகுப்பே கைதட்டியது.

விஷயம் கேட்ட அம்மா, வேலை முடிந்து வந்த களைப்போடு என்னைத் தெரு முழுக்க நடத்திக் கூட்டிப்போனாள்.

"எம் மக ஒருத்திதான் சரியாச் சொன்னாளாம்!"

இன்று சந்தையில் பூக்காரரிடம் நானும் அதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.