இருபத்திமூன்றாம் நம்பர் கள்ளன்

என்டர் பொத்தானை அழுத்துவதற்கு முன் சிவகரன் அதை ஆட்காட்டி விரலால் மெல்லத் தொடுவார். தொட்ட விரலை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகுதான் அழுத்துவார். அழுத்தியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடத் தொடங்கும். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னே நின்று பார்ப்பார். ஓட்டம் முடிகிற இடத்தில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். எப்போதும் நிற்கும். "சிம்பிள்," என்பார். "அழிச்சுப்போட்டு முதலில இருந்து போடுவம்."

பரந்தன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எங்கள் விதைநெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவரே. அந்தப் பதவியைச் சங்கம் அவருக்குக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. நானும் நிர்வாகசபையில் ஒரு கதிரையை நிரப்புகிறவன். ஒருநாள் அவருடைய விசிட்டிங் கார்டில் அது அச்சாகி வந்தது. அச்சில் வந்ததை மறுப்பது மரியாதை இல்லையென்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஆவணி வெயிலிலும் முழுக்கை வெள்ளைச் சேட்டுத்தான். பேனா குத்துகிற பொக்கற்றில் மூன்று குறடு, திருப்புளி. இடுப்பில் ஒரு திறப்புக்கோர்வை. அது எந்தப் பூட்டையும் திறந்து நான் பார்த்ததில்லை. இருந்து வேலை செய்யமாட்டார். ஒரு காலைக் கதிரையில் ஏற்றி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்டுவார். வேலை முழுவதையும் யூடியூபில் கற்றவர். கற்பிக்கிறவர் ஆறுதலாகப் பேசுகிறார் என்று வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கற்றதனால், பாதிதான் காதில் ஏறியிருக்கிறது. அவர் "சிம்பிள்" என்று சொன்னால் மூன்று கிழமை என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

சுவிஸிலிருந்து சங்கத்து அன்பர் ஒருவர் பழைய கணினி ஒன்றை அனுப்பிவைத்தார். மற்றவர்களுக்கு அது கணினி. சிவகரன் அதைத் தூக்கி இரும்பு அலுமாரியின் மேல் வைத்து, மூன்று குறி திருநீறு பூசி, தூசு படாமல் ஒரு துவாயால் மூடியபோது அது "சேர்வர்" ஆகிவிட்டது. அதன் பக்கத்தில் நின்று தும்மினாலும் திரும்பிப் பார்ப்பார். அது வந்த நாளிலிருந்து சங்கத்தில் கணினி மயமாகாதது சங்கத்துப் பூனை ஒன்றுதான்.

அவர் சேர்வரில் ஏற்றுகிற செயலிகள் எல்லாம் "கொன்டெய்னர்" என்ற வடிவில் வருகின்றன. அதை எங்களுக்கு விளங்கப்படுத்துவதற்காக ஒருநாள் தன் சாப்பாட்டுக் கரியரையே மேசையில் பிரித்து வைத்தார். ஒரு செயலியையும் அது ஓடுவதற்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிடுவார்களாம். பெட்டியை இணையத்திலிருந்து இறக்கி எந்தக் கணினியில் வைத்தாலும் ஓடுமாம். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. வருகைப் பதிவுப் பெட்டி இறங்கியது, ஓடவில்லை. விதைநெல் இருப்புப் பெட்டி இறங்கியது, அதுவும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவர் ஒருபோதும் தேடிப் பார்த்ததில்லை. சிவப்பு வரியை வாசிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அழிப்பார், திரும்ப இறக்குவார். விரல் கண்ணுக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் சங்கத்தில் கள்ளன் புகுந்தான். மாதத்துக்கென்று போடுகிற இணைய டேட்டா பாதி மாதத்திலேயே தீர்ந்துபோகத் தொடங்கியது. விதைநெல் எடுக்க எந்த நாள் வரவேண்டும் என்று விவசாயிகளுக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் பிரஷாந்தினி தன் போனில், தன் டேட்டாவில் அதை அனுப்பிக்கொண்டிருந்தார். தர்மபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளை. அதிகம் கதைக்கமாட்டார்.

ரவுட்டரைத் திறந்து பார்த்தால் எந்த இணைப்பு எவ்வளவு டேட்டா தின்றிருக்கிறது என்று தெரியும். பெயர் தெரியாது, நம்பர்தான் தெரியும். இருபத்திமூன்றாம் நம்பர் மற்ற எல்லோருக்கும் சேர்த்துத் தின்றிருந்தது. அன்றிலிருந்து தலைவர் யோகலிங்கம் இருபத்திமூன்றைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. உரமானியம் பற்றிக் கூடிய கூட்டத்திலும் இருபத்திமூன்றைத்தான் ஏசினார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் அவர். ஒரு வகுப்பில் களவு போனால் யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே பிடித்துவிடுவாராம். பார்த்தார். பிரஷாந்தினி அந்த வாரம் புதுப்போன் வாங்கியிருந்தார். போதாதா? டேட்டா குறையத் தொடங்கியதும் அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்று தலைவர் கண்டுபிடித்தார். அதே காலத்தில் அலுமாரிக்கு மேல் ஒன்று ஏறியிருந்ததை யாரும் நினைக்கவில்லை. பிரஷாந்தினியின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. கள்ளன் அவர்தான் என்று தெரிந்தால் அது நீளாது என்று தலைவர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

சிவகரன் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. அதில் அவர் மிகக் கவனம். "நான் ஒருத்தரையும் சொல்லேல்லை, ஐயா. மெஷின் சொல்லும். மெஷினுக்குச் சொந்தபந்தம் இல்லை, பொய்யும் சொல்லாது," என்றார். சொல்லிவிட்டுத் தன் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், புதுப்போன் வைத்திருக்கிற ஆட்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று கதையோடு கதையாக விட்டிருக்கிறார். பரந்தன் சந்தியில் விட்ட கதை தர்மபுரம் பஸ்ஸில் ஏறிப் பிரஷாந்தினியின் பக்கத்துச் சீற்றில் இருக்க எவ்வளவு நேரம் ஆகும்? மெஷின் வைத்துத் தேடுவதில் வருத்தமா என்று நான் மெதுவாக அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "செய்யட்டும் அண்ணை. ஆரெண்டு எனக்கும் தெரியத்தானே வேணும்," என்றார். சொல்லும்போது திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மெஷின் என்று சிவகரன் சொன்னது வலையமைப்பைத் துழாவுகிற ஒரு செயலி. சங்கத்து இணைப்பில் தொங்குகிற ஒவ்வொரு போனையும் கணினியையும் தேடிப்பிடித்து, எந்த நம்பர் யாருடையது என்று பெயரோடு திரையில் காட்டுமாம். அதுவும் பெட்டியில்தான் வந்தது. அழித்து அழித்து இறக்கி, ஒரு வழியாக ஒருநாள் ஓடிற்று. நாங்கள் ஐந்து பேர் ஐந்து போன்களோடு சுற்றி நிற்க, அது இரண்டே இரண்டு பெயர்களைக் காட்டியது. ஒன்று செயலியே. மற்றது செயலி இருந்த பெட்டியின் வாசல். பெட்டிக்குள் இருந்துகொண்டு பெட்டியை மட்டும் துழாவியிருக்கிறது. சிவகரன் கலங்கவில்லை. "இப்ப இணைப்பில ஒருத்தரும் இல்லை," என்று எங்கள் முகத்தைப் பார்த்தே அறிவித்தார்.

பிறகு எந்த வீடியோவிலோ பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்கு வெளியே பார்க்க விடுவதற்குக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதுமாம். சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கலாமே என்றேன். என்னை அனுதாபத்தோடு பார்த்தார். செயலியைத் தொடக்கிவைக்கத் தலைவர் ஏற்கனவே பஞ்சாங்கம் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் குறித்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு குழாய்க்கிணறு இறங்கினாலும் நாடா வெட்டாமல் தண்ணீர் வராது. சேர்வரில் செயலி எப்படி வரும்? அதற்கு முதல் ஒருமுறை சோதித்துப் பார்த்தால் என்ன என்று நான் விடாமல் கேட்டேன். "நல்ல காரியத்தை முன்னமே ஒருக்காச் செய்து பாத்தால், பிறகு நேரம் பாத்து என்ன பிரயோசனம், அண்ணை?" என்றார்.

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் இரண்டு வாழை நின்றன. உள்ளே குத்துவிளக்கு. அலுமாரியையும் சேர்வரையும் சேர்த்து ஒரு சிவப்பு நாடா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய புரொஜெக்டர், சுவரில் கட்டிய வெள்ளைச் சீலை. சங்கத்தின் மூத்த உறுப்பினர் வீரையாவை நாடா வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணியாக்கிய மனிதர். அலுமாரிக்கு ஏன் நாடா கட்டியிருக்கிறது என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். தலைவர் களவு என்ற பொருளில் நீண்ட நேரம் உரையாற்றினார். உரையில் பெயர் இல்லை, பார்வை மட்டும் பிரஷாந்தினி இருந்த பக்கமாகப் போய்ப்போய் வந்தது. வடை சுற்றி வந்தபோது அந்தப் பிள்ளை எடுக்கவில்லை. மடியில் கைப்பை, கைப்பையின் மேல் போன், போனின் மேல் இரண்டு கைகள். நான் கையிலெடுத்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

வீரையா நாடாவை வெட்டினார். சிவகரன் பொத்தானைத் தொட்டார், கண்ணில் ஒற்றினார், அழுத்தினார்.

சிவப்பு வரி வரவில்லை. சீலையில் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஐந்தாம் நம்பர், அச்சு இயந்திரம். ஒன்பதாம் நம்பர், தலைவரின் போன், தலைவர் புன்னகைத்தார். பதினான்காம் நம்பர், பிரஷாந்தினியின் போன். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பிற்று. ரவுட்டர்க் கணக்கில் பதினான்கு எல்லோருக்கும் கீழே, ஏறக்குறையப் பட்டினியாகக் கிடந்த நம்பர். அதை நினைவில் வைத்திருக்க அங்கே யாருக்கும் மனமில்லை. பிறகு ஒரு சின்ன இடைவெளி. இருபத்திமூன்று இறங்கியது. பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அவர் தன் கையாலேயே வைத்த பெயர்: சிவகரன்-சேர்வர்.

அலுமாரிக்கு மேலே இருந்த சாமான்தான். மாதக்கணக்காகப் பெட்டி பெட்டியாக இறக்கி, அழித்து, திரும்ப இறக்கியது அவ்வளவும் அதன் கணக்கில் ஏறியிருக்கிறது. கள்ளனைப் பிடிக்கிற செயலியை இறக்கி இறக்கியே அந்த மாத டேட்டாவிலும் பெரும்பங்கு போயிருக்கிறது.

சிவகரன் ஒரே எட்டில் சீலைக்கு முன்னால் போய் நின்றார். மறைக்கத்தான் போனார். ஆனால் சேட்டு வெள்ளை. இருபத்திமூன்றும் அவர் பெயரும் அவருடைய நெஞ்சில், குறடு குத்தியிருந்த பொக்கற்றுக்கு நேர் மேலே, சீலையில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தன. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் எழுத்து வலப்பக்கத் தோளுக்குப் போயிற்று, நெஞ்சை விட்டு முழுதாகப் போகவில்லை. வீரையா கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, "அப்ப கள்ளனுக்குத்தான் நாடா வெட்டுனோமா தம்பி?" என்று கேட்டார். நக்கலில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மெஷின் பிழையாச் சொல்லுது," என்றார் சிவகரன்.

பொய் சொல்லாத மெஷின் அன்றைக்கு முதற்தடவையாகப் பொய் சொன்னது. தலைவர் தொண்டையைச் செருமினார். முகத்தைப் பார்த்தே களவு பிடிக்கிறவர் அப்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது, எல்லோரும் தேத்தண்ணி குடியுங்கோ என்றார். போகிற போக்கில் பிரஷாந்தினியிடம், ஒப்பந்தத்தை நீட்டுகிற கடிதத்தை அவரையே அடித்து வைக்கும்படியும், தான் ஆறுதலாகக் கையெழுத்து வைப்பதாகவும் சொன்னார். ஒரு பிள்ளையைக் கள்ளியென்று ஊரெல்லாம் சொன்னதற்கு அவ்வளவுதான் விலை. மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வரவேயில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவகரனுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. "சிம்பிள். அழிச்சுப்போட்டு முதலில இருந்து போட்டால் சரியாக் காட்டும்," என்று சீலையோரத்து மேசையடியில் காலைக் கதிரையில் ஏற்றிவிட்டார். அழித்தார். திரும்ப இறக்கக் கட்டளை கொடுத்தார். வெள்ளை எழுத்துகள் கால்வாசி தூரம் ஓடி நின்றன. ரவுட்டரில் சிவப்பு விளக்கு. மாதத்தில் மிச்சமாய்க் கிடந்த டேட்டாவும் தீர்ந்துவிட்டது.

அவர் சுற்றிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தோம். கடைசியில் அவர் கண் கண்டுபிடித்தது எதை என்று சொல்லவேண்டியதில்லை.

"தங்கச்சி," என்றார் நல்ல குழைவாக. "உங்கட புதுப்போனில டேட்டா கிடக்குமே? ஒருக்கா ஹொட்ஸ்பொட் போட்டு விடுங்கோ. ஐஞ்சு நிமிசம்."

இடக்கை பிரஷாந்தினியை நோக்கி நீண்டு விரிந்திருந்தது. நெஞ்சில் இன்னும் புரொஜெக்டர் வெளிச்சம். பிரஷாந்தினி போனைக் கைப்பைக்குள் வைத்தார். பையின் ஸிப் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இழுபடுகிற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. சிவகரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, வலக்கை விரலால் என்டரைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.