விடுதிக் கூரைக்குப் போன தோணி

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலத்தில், கோட்டைக்குப்பத்தில் குப்பம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிது, அதுதான் வினையாகப் போனது. தாய் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட, தம்பி மாணிக்கத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கும் அவனைக் கையோடு கூட்டிப் போனாள். புருஷன் புயலில் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு தோணி. குப்பத்து ஆள் ஒருவன் அதை ஏரிக்கு ஓட்டிப் போவான். பிடிபட்ட மீனில் தோணிக்கு உண்டான பங்கு அவளிடம் வந்துவிடும். அவள் அடுப்பு எரிந்தது அதில்தான்.

மாணிக்கம் கொத்துவேலை கற்று மேஸ்திரி ஆனான். தருமலிங்கம் செட்டியார் என்கிற துணி வியாபாரிக்கு ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி இருந்தது. ஒல்லாந்தரோடு வியாபாரம் பேச வரும் வெளியூர்க்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள். உப்புக்காற்று சுவர்களைத் தின்று தீர்த்திருந்தது. அதை இடித்துப் புதுசாக்கும் வேலை மாணிக்கத்துக்குக் கிடைத்தது. செட்டியார் தறிக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர். மரம் வாங்குவதிலிருந்து விடுதிக்கு ஆள் வைப்பது வரை எல்லாவற்றையும் மேஸ்திரி தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பழைய ஓடுகளை இறக்கிய நாளிலிருந்து குப்பம்மாள் அங்கேதான் கிடந்தாள். இடித்த மண்ணை வாரினாள், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றினாள். தம்பி வேலை என்றால் சும்மா இருக்க அவளால் முடியாது. செங்கல் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியபோது மாணிக்கம் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, கூரைக்கு மரம் இல்ல. தேக்கு ஏத்தின கப்பல் வரவே இல்லன்றாங்க. உன் தோணியக் குடேன்."

"தோணியக் குடுத்துட்டு நான் இன்னாத்தடா துண்றது?"

"விடுதி பின்கட்டு அறை உனக்குத்தான். வர்றவங்களுக்கு மீனு, நண்டு ஆக்கிப் போட்டுக்கினு, உசுரு இருக்கற வரைக்கும் அங்கியே இரு. மழைக்கு ஒழுவாத ஊடுக்கா."

சொன்னதோடு நிற்கவில்லை. கரையில் கிடந்த தோணியின் முனையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். தோணி இருக்கும்வரை அதைத் தொட்டுச் சொன்ன சொல்லும் இருக்கும் என்பது குப்பத்து வழக்கம். அதை மீறினவனோடு யாரும் வலை பிடிக்க மாட்டார்கள். குப்பம்மாளுக்கு வேறென்ன வேண்டும்? குளிர்ந்து போனாள்.

தோணியைப் பிரித்தார்கள். அடிக்கட்டை உத்தரமானது, பலகைகள் கூரைக்குப் போயின. ஓடு வேய்ந்ததும் பூச்சு வேலை. பின்கட்டு அறைச் சுவரை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கினாள். "ராணி அரமனைக்குப் போறாங்க" என்று கூட வேலை செய்த பெண்கள் கேலி பேசினார்கள். பேசட்டுமே, அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒழுகுகிற தன் குடிசையை நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சட்டிபானையோடு விடுதிக்குக் கிளம்பினாள்.

பின்கட்டுக் கதவைத் திறந்தவன் கண்ணப்பன். மாணிக்கத்தின் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். இடுப்பில் சாவி தொங்கியது.

"மாமா என்னத்தான் இங்க வேலைக்கு வெச்சிருக்காரு. உனக்குச் சொல்லலியா?"

குப்பம்மாள் சட்டிபானையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். குப்பத்துப் பெரியவர் பெருமாள் முன்னால் தம்பியை இழுத்துவந்து நிறுத்தினாள்.

மாணிக்கம் பதறவே இல்லை. "தோணியத் தொட்டுத்தான் சொன்னேன், இல்லேங்கல. தோணிதான் இப்ப இல்லியே!"

"எங்கடா போச்சு? விடுதிக் கூரையில கீதே, கண்ணு தெர்லியா?"

பெருமாள் தாடையைச் சொறிந்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லை. ஆனாலும் வழக்கத்தை விட்டுப் பேச வாய் வரவில்லை. "தண்ணியில மெதந்தாத்தாம்மா தோணி. கூரைக்குப் போயிட்டா அது வெறுங்கட்ட. நீதான ஒடைக்கச் சொன்ன?"

கூட்டம் மெல்லக் கலைந்தது. இவ்வளவு நாள் அவள் கையால் சோறு தின்ற தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். வாயாடி என்று பெயரெடுத்தவள் ஒரு வசவுகூட விடாமல் சட்டிபானையைப் பொறுக்கி எடுக்கப் போனாள்.

நாத்தனார் அதே குடிசையில் ஒரு மூலை கொடுத்தாள். குப்பம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவி இறால் பிடித்தாள், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. பிழைப்பு ஓடியது. தம்பி பாவம், பெண்டாட்டி பேச்சைத் தட்ட முடியாமல் கடைசி நேரத்தில் புத்தி மாறிவிட்டான் என்றுதான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வளர்த்த மனசு, வேறெப்படி நினைக்கும்?

ஒருநாள் இறால் வாங்க வந்த தச்சன் ரங்கனிடம், மரம் மட்டும் வந்திருந்தால் தன் தோணி தப்பியிருக்கும் என்று புலம்பினாள்.

"மரம் வரலன்னு யார் சொன்னது? செவுரு எழும்பறதுக்கு முன்னியே விடுதிக்கு வாங்கின தேக்கு வந்து எறங்கிடுச்சே. அதுலதான் மேஸ்திரி ஊட்டுக்குக் கதவு எழைச்சுக் குடுத்தேன்."

கேட்டவள் இறாலைக்கூட எண்ணிப் போடவில்லை, பறியோடு அவனிடம் கொடுத்துவிட்டாள். தேக்கு தம்பி வீட்டுக்கு, அறை மச்சானுக்கு, சத்தியமும் ஒழிந்தது. எல்லாவற்றுக்கும் தோணியை உடைத்த அந்த ஒரே கோடரி. தோணி கேட்டு வந்த அன்றைக்கே எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறான்.

ஈரச்சேலையோடு நேராக அவன் வீட்டுக்குப் போனாள். மாணிக்கம் புதுக்கதவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அக்காவின் கண் எங்கே போகிறது என்று பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"அறைய நீயே வெச்சிக்க, நான் கேக்க வர்ல," என்றாள். குரல் உயரவில்லை. "தோணிய ஒடைக்கறப்ப நான் அழுதுக்கினு நின்னேன். வெயில்ல நிக்காதக்கான்னு சொம்புல மோர் கொண்டாந்து என் வாயில ஊத்தின. அத எப்பிடிடா ஊத்தின?"

பதிலுக்குக் காத்திராமல் ஏரிப்பக்கம் நடந்தாள். செத்துப் போகும் வரைக்கும் யார் வீட்டில் மோர் கொடுத்தாலும் குப்பம்மாள் வாங்கிக் குடிக்கவில்லை.