கொல்லையில் நின்ற பிளாஸ்டிக் குழாய்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். இடம் சின்னசேலம், ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு தெரு.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சும்மா சிரித்தால்கூட, மடியிலிருக்கும் பையை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் எனக்கு நேர்மாறு. வழி கேட்டவனை வீட்டுக்கே கூட்டிவந்து சோறு போடுகிற மனுஷன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு, எங்கள் பக்கம் நாலு பேர் கூடினால் மனை, வீடு என்றுதான் பேச்சு. பூட்டிக் கிடக்கிற பழைய வீட்டைக் கம்மி விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, வெள்ளையடித்து விற்றால் நல்ல லாபம் என்று நானும் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டேன். தாலியைத் தவிர மற்ற நகை எல்லாவற்றையும் விற்றோம். மகளின் காலேஜ் படிப்புக்கென்று வைத்திருந்த நகை அது. இது கையைச் சுட்டால் அவள் படிப்பு அம்போ.

அதனால், சின்னசேலத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தபோது நான் தோண்டித் துருவாத விஷயம் இல்லை. வில்லங்கம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், வக்கீலிடம் காட்டினேன். விற்றவர் பெங்களூருவில் குடியேறிவிட்டவர். வாயைத் திறந்தாலே தேன். "அம்மா, நீங்க என் தங்கச்சி மாதிரி" என்றார். என்னமோ தெரியவில்லை, யாரையும் நம்பாத நான் அவரை மட்டும் நம்பித் தொலைத்தேன்.

என் சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள் மேல் விழுந்தது. என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். இரண்டு மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றுகிறவர். நாங்கள் போகிறபோதெல்லாம் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு எங்கள் கொல்லையையே பார்ப்பார். பத்திரம் பதிந்த மறுநாளே முதல் கேள்வி கேட்டார்.

"கொல்லைய இன்னாம்மா பண்ணப் போற?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கூரையைப் பற்றிக் கேட்கவில்லை, கொல்லை மேல் என்ன கண்? "அது எங்க இஷ்டங்க" என்று வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை, "உங்க கொல்லையில..." என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். மாடு கட்ட இடம் கேட்கப் போகிறார், இன்று மாட்டைக் கட்டினால் நாளைக்கு இடமே அவருடையது என்பார், இந்தக் கதை எத்தனை பார்த்திருக்கிறோம்!

அந்தக் கொல்லையின் நடுவில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணிலிருந்து செங்குத்தாக நின்றது. எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. கொத்தனாரும் கையை விரித்தார். ஒருநாள் அதை நான் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அந்தப் பைப்ப மட்டும் எடுக்காத. சொல்லிப்புட்டேன்."

போதாதா எனக்கு? அவர் வீட்டுக் கக்கூஸ் தொட்டிக்கும் எங்கள் மண்ணுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, அதை மறைக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அன்றைக்கே கொத்தனாரை விட்டுக் குழாயைத் தரையோடு தரையாக அறுக்கச் சொன்னேன். "இன்னாத்துக்கு இந்த வீம்பு உனக்கு? ஒரு வார்த்த அவங்களக் கேட்டாத்தான் இன்னா?" என்று என் வீட்டுக்காரர் முனகினார். அவர் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறேன்!

அடுத்த நாள் காலை எம்-சாண்ட் மணல் ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. பின்பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குள் ரிவர்ஸில் வந்து கொட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் கொல்லை நடுவில் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம்" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அந்த அம்மாள் ஓடிவந்தார். கையெல்லாம் சாணி. நேராகப் போய் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாணிக் கையாலேயே வண்டியைப் படார் படார் என்று அடித்தார். டிரைவர் பயந்து எஞ்சினை அணைத்துவிட்டார்.

"யோவ், வண்டிய உள்ள வுடாத! அடியில கெணறு இருக்குது!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "பத்திரத்துல இல்லாத கெணறு எங்கேருந்துங்க வந்துச்சு? எங்க எடத்துல வந்து நிக்கிறீங்களே, போலீஸக் கூப்புடட்டுமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"கூப்புடு, நல்லாக் கூப்புடு! அதுக்கு மின்ன உன் வூட்டுக்காரர அங்கேருந்து நகரச் சொல்லு!"

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் இந்த அம்மாளின் பொய்யை உடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. கடப்பாரையால் குத்திப் பார்க்கும்படி கொத்தனாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவர் நின்றிருந்த இடத்தில்தான் கொத்தனார் குத்தினார். முதல் குத்தில் மண் பொலபொலவென்று உள்வாங்கியது. இரண்டாவது குத்தில் கடப்பாரை அவர் கையை விட்டே போய்விட்டது. ஆழத்திலிருந்து தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடக்கிற ஆளைத் தாங்கிய மண், மணல் லாரியைத் தாங்கியிருக்குமா? பின்னால் நின்று கை காட்டிய மனுஷனோடு சேர்த்து அல்லவா உள்ளே போயிருக்கும்! ஊன்றிய குழாய் நின்றிருந்தால் எந்த டிரைவரும் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டான். அதையும் அறுத்தது நான்.

ஓரத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்து, கூட்டத்திலிருந்த ஒரு பெரியவரையும் கேட்டபோதுதான் எல்லாம் தெரிந்தது. இருக்கிற கிணற்றைத் தூர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் விற்றவரின் அப்பா காலத்தில் பனங்கட்டைகளைக் குறுக்கே போட்டு, மேலே மண்ணைப் பரப்பி மூடிவிட்டிருக்கிறார்கள். கிணறு மூச்சு விட வேண்டும் என்று ஒரு குழாயையும் வைத்திருக்கிறார்கள். கட்டைகள் உளுத்துப்போய், தொட்டால் உதிர்ந்தன. பெங்களூருக்காரருக்குப் போன் போட்டோம். "அட, ஆமாங்க! சொல்ல மறந்தே போயிட்டேன்" என்றார், அதே தேன் குரலில்.

நான் அந்த அம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெணறு இருக்குதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"எப்ப சொல்றது? விக்கறதுக்கு மின்ன சொன்னா, பக்கத்து வூட்டுக்காரி வியாபாரத்தக் கெடுத்தான்னு தெருவே காறித் துப்பும். வாங்கின பொறவு சொல்லலாம்னு வந்தா, நீ மூஞ்சியத் திருப்பிக்கினு போற. சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பியா? கொல்லையக் கம்மி வெலைக்கி அடிக்கக் கத வுடறான்னு நெனச்சிருப்ப."

"அப்போ, கொல்லையக் கேக்கிற எண்ணம் இல்லியா உங்களுக்கு?" என்று அசடு வழியக் கேட்டேன்.

"யாரு சொன்னா இல்லன்னு? மாடு கட்ட எடமில்லாம லோல்படறேன். அந்தக் கொல்ல மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணுதான். அதுக்காவ உன் வூட்டுக்காரரு உள்ள போயி வுழட்டும்னு பாத்துக்கினு நிப்பனா? நல்லா இருக்குதே நீ பேசறது!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏ, வுடு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று அவர்தான் விடுவித்துக்கொண்டார்.

அந்தக் கிணற்றைத் தூர்க்காமல், சுற்றுச்சுவர் எழுப்பிக் கம்பி வலை போட்டோம். கிணற்றோடு சேர்த்துக் கொல்லையை அந்த அக்காவுக்கே கொடுத்தோம். சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. அவரும் சும்மா கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றினவர் ஆச்சே என்று நானும் பார்க்கவில்லை, அழுத பெண்ணாச்சே என்று அவரும் பார்க்கவில்லை; ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசினோம். வீடு சுமாரான லாபத்துக்குப் போனது. மகள் இப்போது சேலத்தில் படிக்கிறாள்.

அந்த அக்காவைப் பற்றி நான் பட்ட சந்தேகம் உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் என் இடத்தின் மேல் ஆசை வைத்த அதே மனசுதான் லாரிக்குப் பின்னால் வந்து நின்றது என்பதை நினைத்தால், ஒருத்தரிடம் ஒரு உள்நோக்கத்தைக் கண்டுபிடித்ததுமே அந்த ஆளையே தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்க இப்போதெல்லாம் எனக்குத் தைரியம் வருவதில்லை.