ஆடியில் வீடு தேடிய தரகன்

வீட்டுத் தரகில் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். நிபந்தனை இன்னொருவர் வாயில் இருக்கும். அந்த இன்னொருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் தரகன் வேலை. வாடகை வீட்டில் குப்பை கொட்டிய உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கும், ஜங்ஷனுக்கு மாற்றலாகி வந்தவர்களுக்கும் வீடு பார்த்துக் கொடுத்துத்தான் என் அடுப்பு எரிந்தது. எனக்கென்று சொந்த வீடு கிடையாது. அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

குண்டான் சத்தம்

ஜங்ஷன் ரோட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விட்டார். எதைக் கேட்டாலும் "ஆவட்டும்" என்பார். வீடு நிறையக் குழந்தைகள்? ஆவட்டும். கறி சமைப்பார்கள்? ஆவட்டும். அதற்குள் அடுக்களையில் ஒரு குண்டான் 'ணங்'கென்று விழும். உடனே, "எதுக்கும் யோசிச்சுச் சொல்றேன்" என்று ஜகா வாங்கிவிடுவார்.

நல்ல குடித்தனக்காரர்கள் இப்படியே கைநழுவினார்கள். அடுத்த முறை நான் அவரிடம் பேசவே இல்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி நின்று, வருகிறவர்கள் கறவை மாடு வைத்திருக்கிறார்கள், நல்ல பாலுக்கு அலைய வேண்டாம் என்றேன். குண்டான் விழவில்லை. வீட்டு அம்மாளே வெளியே வந்தார். "அவரு ஆவட்டும்னா அது வாசலுக்கு மட்டுந்தாங்க. உள்ள என்னையில்ல கேக்கணும்?"

வாளியோடு வந்தவள்

கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்க்கு ஆற்றுப் பக்கம் ஒட்டினாற்போல் இரண்டு ஓட்டு வீடுகள், பொதுவாக ஒரு கிணறு. பீங்கான் கம்பெனி ஆள் என்றாலே அவருக்கு ஆகாது. துணியெல்லாம் வெள்ளைக் களிமண், துவைத்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்பார்.

நான் கூட்டிப்போன சூளைத் தொழிலாளியின் மனைவி அஞ்சலை இதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. கையோடு கொண்டுவந்த வாளியைக் கிணற்றில் விட்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "தண்ணி நல்லாருக்குது. தொவைக்கிற கல்ல அந்தத் தென்னமரத்தாண்ட தள்ளிப் போடுங்க, களிமண்ணு மரத்துக்குப் போவட்டும். அப்பிடின்னா வரோம்" என்றாள். வாடகைக்கு வருகிறவள் நிபந்தனை போட்டு அன்றுதான் கேட்டேன். மறுநாளே கல் இடம் மாறியது. பாய் என்னைத் தனியே இழுத்து, "குடித்தனத்துக்கு ஆளு கேட்டா, மாமியாரக் கூட்டியாந்துட்டீங்களே தரகரே!" என்றார்.

ஆனி போச்சு

மறு வருஷம் என் தலையிலேயே விடிந்தது. எங்கள் வீட்டுக்காரர், ஆவணியில் மகனுக்குக் கல்யாணம், ஆனிக்குள் காலி செய்து கொடுங்கள் என்றார். நியாயந்தான். என் மனைவி செல்விக்கு நிறைமாதம். தாயில்லாப் பெண், வளைகாப்பு முடிந்தும் கூட்டிப்போகப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. தரகனுக்கா வீடு கிடைக்காது என்ற மிதப்பில், வந்த நல்ல வீடுகளையெல்லாம் வாடிக்கைக்காரர்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் குடி வைக்க மாட்டார்கள், அதுவும் பிள்ளைத்தாச்சியை. வீட்டுக்காரரோ சுண்ணாம்பு அடிக்க ஆளையே கூட்டி வந்துவிட்டார். குடித்தனம் பிடித்துக் கொடுத்த வீடுகளில் எல்லாம் போய் நின்றேன். காபி கொடுத்தார்கள். கார்டு வீட்டு அம்மாள்கூடக் குண்டானைப் போடாமல் மெதுவாகத்தான் சொன்னார். "ஆவணி பொறக்கட்டுங்க, ஒங்களுக்கு இல்லாத வூடா?"

படியேறிய விதம்

வழியில் அஞ்சலையின் புருஷனிடம் புலம்பிவிட்டு வந்திருந்தேன். மறுநாள் காலை, அஞ்சலை வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு ஓட்டு வீட்டின் சாவியோடு பாய் வந்து நின்றார். பழக்கதோஷத்தில், "நிபந்தனை என்னங்க பாய்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்த அஞ்சலைப் பொண்ணு போட்டுடுச்சுங்க. நான் சாவிய எடுத்தாந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

ஆனால் வண்டியில் போய் இறங்கிய செல்வி படியேற மறுத்தாள். ஆடியில் பால் காய்ச்சிக் குடிபுகுந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அழுதாள். ஆவணியில், மகள் பிறந்து, தீட்டுக் கழிக்கும் புண்ணியதானமெல்லாம் ஆனபிறகுதான் முறைப்படி பால் காய்ச்சினோம். ஆடியில் வண்டி வந்து நின்ற அன்று செல்வி படியேறியது அஞ்சலை சொன்ன வார்த்தைக்காகத்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை தானாகக் குவியும். செல்வியின் வளைகாப்பு வளையல் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை சொன்னாள்: "ஆடியில குடிதான் வரக்கூடாது. பொண்ணு தாய் வூட்டுக்கு வரலாமுல்ல? வா தாயி, இது ஒன் அம்மா வூடு."

பிறகு பல வருஷம் அங்கேயே இருந்தோம். பத்திரம் பாய் பேரில், வாடகை என் பேரில், நிபந்தனை மட்டும் கடைசிவரை அஞ்சலை பேரில்.