பற்றறிக்குப் பாதுகாப்பு இருக்காம்

மலைநாட்டு நீர்வீழ்ச்சி எல்லாம் ஒன்றுசேர்ந்து விழுந்தாலும், அச்சுவேலியில் பத்மாவதி மாமி வீட்டு இன்வேர்ட்டருக்குக் கிட்ட வராது. சூரியனே பின்னேரத்தில் மாமி வீட்டுக்கு வந்துதான் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று எங்கள் ஒழுங்கைச் சனத்தின் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான். ஆனால் மாமி அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அவருக்கு அந்தப் பெருமை தேவையாக இருந்தது. கணவர் அருட்பிரகாசம் மாமா, புகையிலைக் குடிலில் புகை போட்டுப் போட்டுத் தன் நெஞ்சையும் சேர்த்துப் பதப்படுத்திவிட்ட மனிதர். கடைசிக் காலத்தில் ஒட்சிசன் மெசின் இல்லாமல் அவரால் கட்டிலில் நிமிர்ந்து இருக்கவே முடியாது. மெசினுக்குக் கறண்ட் வேண்டும். எங்கள் பக்கத்துக் கறண்டோ ஓர் அணில் கம்பியில் ஏறினாலே போய்விடும்.

மாமி வெங்காயம் நட்டவர், புகையிலைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறியவர். கிறைண்டருக்குக்கூடப் பயம். அப்படிப்பட்டவர் மாமாவுக்காக யாழ்ப்பாணம் போய் இன்வேர்ட்டரும் பற்றறியும் வாங்கி வந்தார். கடைப் பெடியன் சொல்லி அனுப்பினானாம்:

"பயப்பிடாதேங்கோ அம்மா. வோல்ற்றேஜ் இறங்கினால் கீக் கீக் எண்டு கத்தும். பிறகு தானே நிப்பாட்டிப்போடும். முழுப் பாதுகாப்பு இருக்கு."

பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லை மாமி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். கோயிலிலும் சங்கக்கடையிலும் கண்டவர்களிடமெல்லாம் அவிழ்த்துக் காட்டினார்.

"இனி எனக்கு யோசினை இல்லை. அவருக்குப் பாதுகாப்பு இருக்கு."

ஒருநாள் இன்வேர்ட்டரின் தலையில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

"என்ன மாமி, உதுக்குப் பூசையும் தொடங்கிட்டியளோ?"

"போடா குரங்கு. உன்னைவிட உது பொறுப்பான பிள்ளை."

நல்லூர்த் தேரன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. நானும் நல்லூரில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றேன். அதனால் பிறகு நடந்ததை மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடியவே இங்கே கறண்ட் போய்விட்டது. மெசினை இன்வேர்ட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது.

"பத்மா, தேர் வெளிக்கிட்டிருக்கும். உந்த ரீவியை ஒருக்காப் போடும்" என்றாராம் மாமா.

மாமி ரீவியையும் அதே இன்வேர்ட்டரில் போட்டார். மாமா கைகூப்பிக்கொண்டு பார்த்தார். தேர் தெற்கு வீதிக்குத் திரும்புகிற நேரம் இன்வேர்ட்டர் பெட்டி கத்தத் தொடங்கியது.

"இஞ்சேரும், உது கத்துதெல்லே?"

"அது பாதுகாக்குதப்பா. நீங்கள் தேரைப் பாருங்கோ."

பிறகு எல்லாம் நின்றது. ரீவியும் மெசினும் ஒன்றாகத்தான் நின்றன. மாமி ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். எல்லா வீட்டுப் படலையிலும் பூட்டு. அவர் ஃபோனில் கூப்பிட்ட அம்புலன்ஸ் தேர்ச் சனத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மாமா ரீவிப் பக்கம் முகத்தை வைத்தபடியே போய்விட்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு அதே கடைப் பெடியன் வந்து பற்றறியைச் சோதித்துப் பார்த்தான். நானும் நின்றேன்.

"ஒரு சேதமும் இல்லையம்மா. வோல்ற்றேஜ் கணக்க இறங்கினால் உள்ளுக்கிருக்கிற ஈயத் தகடு பழுதாப் போயிடும். பிறகு எவ்வளவு ஏத்தினாலும் சார்ஜ் நிக்காது. அதுக்குத்தான் இன்வேர்ட்டர் முதலே கட் பண்ணுறது. பற்றறி புதுசு மாதிரியே இருக்கு."

மாமி அவனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப பாதுகாப்பு எண்டு நீர் சொன்னது பற்றறிக்கோ, தம்பி?"

அவன் தேத்தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு மாமியிடம் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியிருந்தது. "நான் ரீவியைப் போட்டிருக்கக்கூடாது." சோறு தின்றீர்களா என்று கேட்டாலும் அதுதான், மழை வருமா என்று கேட்டாலும் அதுதான். வெங்காயத் தறையில் புல் முட்டிவிட்டது. அடுப்பில் பூனை படுத்தது. மாமி மெலிந்து மெலிந்து சட்டைக்குள் தொலைந்துகொண்டு போனார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பகிடி விடத்தான் தெரியும். அதனால் ஒன்று விட்டேன்.

"மாமி, ரீவி எல்லாம் ஒரு பாரமே? மெசின் தனிய ஓடியிருந்தாலும் அந்த நேரத்துக்கு நிண்டுதான் இருக்கும். செய்து காட்டட்டோ?"

மாமி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "காட்டு" என்றார்.

மெசின் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டது. அதற்கு ஈடாகப் பந்தல்காரரிடம் பெரிய மின்குமிழ்களை இரவல் வாங்கிப் பூட்டினேன். மெயின் சுவிச்சை இறக்கினேன். அன்றைக்கு ஓடிய அளவு நேரம் மட்டும் இன்றைக்கும் ஓடி நின்றால் ரீவியில் பிழை இல்லை, மாமியிலும் பிழை இல்லை. கூட நேரம் ஓடித் தொலைத்தால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். பின்னறை ஃபானை அவருக்குத் தெரியாமல் அதே இன்வேர்ட்டரில் சுற்றவிட்டேன். ரீவி குடிக்கிற அளவு அதுவும் குடிக்கும். கிறீச் கிறீச் என்று கத்துகிற கிழட்டு ஃபான் அது. முதல்நாளே கதிரை வைத்து ஏறி, தேங்காயெண்ணெய் விட்டு அதன் வாயை அடைத்திருந்தேன்.

மாமி இன்வேர்ட்டருக்கு முன்னால் இருந்தார். கீக் கீக் என்று அது கத்தத் தொடங்கியதும் அவருடைய கை, பக்கத்தில் இருந்த வெறுங்கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. சத்தம் ஓய்கிறவரைக்கும் விடவில்லை. குமிழ்கள் அணைந்தன.

நான் மணிக்கூட்டைக் காட்டினேன். "பாத்தியளே மாமி? ரீவி இல்லாமலே அதே நேரம். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

மாமி கட்டிலைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"யதுசன்."

"ஓம் மாமி."

"போய்ப் பின்னறை ஃபானின்ரை சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு வா. நிலமெல்லாம் எண்ணெய் சொட்டிக் கிடக்கு. வழுக்கி விழுந்திடாதை, மோனை."